வண்டிக்கு ஊற்றும் எண்ணெய்: எது, எவ்வளவு, எப்போது?



நம் திருச்சி மாவட்டத்தில் விடியற்காலையில் ரோட்டைப் பார்த்தாலே தெரியும். பூ மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், காந்தி மார்க்கெட்டில் காய் எடுத்து ஊருக்குத் திரும்புகிறவர்கள், பால் கேன் கட்டிப் போகிறவர்கள் என்று எத்தனையோ பெண்கள் இன்று சொந்த வண்டியில் போகிறார்கள். சிலர் குழுக் கடனில் வாங்கினார்கள். சிலர் 2018-ல் தொடங்கிய வேலைக்குப் போகும் பெண்களுக்கான மானிய ஸ்கூட்டர் திட்டத்தில் வாங்கினார்கள். சிலர் பழைய வண்டியாக வாங்கித் தேற்றிக்கொண்டார்கள்.

இது சும்மா வந்ததில்லை. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எழுத்தோடு சேர்ந்து சைக்கிளும் ஒரு பாடமாக இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், யார் தயவும் இல்லாமல் போய்வரலாம் என்ற தைரியம் அப்போது பிறந்தது.

நாம் இப்போது அதற்கு அடுத்த வகுப்புக்கு வந்திருக்கிறோம். ஓட்டத் தெரியும். ஆனால் வண்டியைப் பராமரிப்பது? "அதெல்லாம் அவரு பாத்துப்பாரு", "மெக்கானிக் ஏதோ ஊத்தினாரு" என்பதுதான் பல பேருடைய பதில். வண்டி நம் பெயரில், கடன் நம் பெயரில், தவணை நம் தலையில். எண்ணெய் விஷயம் மட்டும் ஏன் அடுத்தவர் கையில் இருக்க வேண்டும்? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம். மெக்கானிக் வேலையைக் கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. நம் வண்டிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து கேட்கவும், சொன்னது நடந்ததா என்று நம் கண்ணால் பார்க்கவும் தெரிந்தால் போதும்.

எண்ணெய் உள்ளே என்ன செய்கிறது?

எஞ்சினுக்குள் பிஸ்டன் என்ற உலோகத் துண்டு ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் போய்வருகிறது. உலோகத்தோடு உலோகம் உரசினால் தேயும், சூடாகும், கடைசியில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஆகாமல் நடுவில் ஒரு மெல்லிய படலமாக நிற்பது எண்ணெய். அதோடு இன்னும் மூன்று வேலை செய்கிறது. சூட்டை வாங்கி வெளியே கடத்துகிறது. உள்ளே சேரும் கரியையும் இரும்புத் தூளையும் கழுவிச் சுமக்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள இடுக்கை அடைத்து இழுவை குறையாமல் காக்கிறது.

இத்தனை வேலையும் ஒரு லிட்டர் அல்லது அதற்கும் குறைவான எண்ணெய்தான் செய்கிறது. அதனால்தான் கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து. பல சின்ன வண்டிகளில் எண்ணெய் குறைந்தால் எரிந்து காட்டும் விளக்கும் கிடையாது. ஒன்றை மனதில் வையுங்கள்: பெட்ரோல் தீர்ந்தா வண்டி நிக்கும், ஆயில் தீர்ந்தா எஞ்சினே போயிடும்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை?

இரண்டு வகை எஞ்சின் உண்டு. இதில் குழம்பினால் மற்ற எல்லாம் வீண்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டி: 1980-ல் வந்த டிவிஎஸ் 50, பிறகு வந்த எக்ஸெல் சூப்பர், ஆரம்பகால ஸ்கூட்டி போன்றவை. இவற்றில் 2டி என்ற எண்ணெய் பெட்ரோலோடு கலந்து எரிந்துபோகும். எவ்வளவு கலப்பது என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கும். குறைத்தால் எஞ்சின் பிடிக்கும். கூட்டினால் புகை வரும், பிளக் கரி பிடிக்கும்.

நான்கு ஸ்ட்ரோக் வண்டி: எக்ஸெல் 100, ஸ்கூட்டி பெப், ஜூபிடர், ஆக்டிவா, இப்போது வரும் பைக்குகள் எல்லாம் இந்த வகை. இவற்றில் 4டி எண்ணெய் எஞ்சினின் அடியில் தனியாக நிற்கும். பெட்ரோலில் எதையும் கலக்கக் கூடாது.

பழைய எக்ஸெல் ஓட்டிப் பழகியவர்கள் புது வண்டி வாங்கியதும் பழக்க தோஷத்தில் பெட்ரோலில் எண்ணெய் கலப்பது உண்டு. "பெட்ரோலில்தான் ஊத்துறோமே" என்று எஞ்சின் எண்ணெயைப் பார்க்காமலே விடுவதும் உண்டு. இரண்டும் எஞ்சினுக்குக் கேடு.

டப்பாவில் உள்ள எழுத்துக்கு என்ன அர்த்தம்?

வீட்டில் நல்லெண்ணெயும் இருக்கிறது, விளக்கெண்ணெயும் இருக்கிறது. ஒன்று ஓடும், ஒன்று மெதுவாக இறங்கும். வண்டி எண்ணெயிலும் இந்தக் கெட்டித்தன்மைதான் முதல் விஷயம். (அந்தக் காலத்தில் எஞ்சினுக்கு ஆமணக்கு எண்ணெயையே ஊற்றியிருக்கிறார்கள். காஸ்ட்ரால் என்ற கம்பெனிப் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.)

டப்பாவில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று போட்டிருக்கும். முதல் எண், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் எப்படி ஓடும் என்பதைக் காட்டும். எண் சின்னதாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சீக்கிரம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். இரண்டாவது எண், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டும்.

"திருச்சி வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தானே நல்லது?" என்று கேட்பீர்கள். அப்படி நாமாக முடிவு செய்யக் கூடாது. இப்போதைய எஞ்சின்களில் இடுக்குகள் மிகச் சிறியவை. பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு 10டபிள்யூ-30 சொல்கிறார்கள். தேவைக்கு மேல் கெட்டியானதை ஊற்றினால் ஸ்டார்ட் ஆனதும் மேல் பாகங்களுக்கு எண்ணெய் போக நேரமாகும், மைலேஜும் குறையும். கம்பெனிக்காரர்கள் நம் ஊர் வெயிலையும் கணக்கில் வைத்துத்தான் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து ஜே.ஏ.எஸ்.ஓ. என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் எம்.ஏ. அல்லது எம்.பி. என்றும் இருக்கும். கியர் பைக்குகளில் பெரும்பாலும் கிளட்ச் எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்து ஓடும். அதற்கு எம்.ஏ. வகை வேண்டும். வழுக்கல் அதிகமான எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் நழுவும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் கிளட்ச் தனியாக உலர்ந்த இடத்தில் இருப்பதால் பலவற்றுக்கு எம்.பி. வகை போதும். கியர் இல்லாத எல்லா வண்டியும் ஸ்கூட்டர் ஆகிவிடாது. எக்ஸெல் ஓட்டுகிறவர்கள் புத்தகத்தைப் பார்த்தே வாங்குங்கள். காருக்கு ஊற்றும் எண்ணெயை மட்டும் விலை மலிவு என்று வண்டிக்கு ஊற்ற வேண்டாம்.

ஏ.பி.ஐ. என்று போட்டு எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.என். என்று எழுத்துக்கள் இருக்கும். ஆங்கில எழுத்து வரிசையில் பின்னால் போகப் போக எண்ணெயின் தரம் புதியது. புத்தகத்தில் சொன்னதோ அதற்கு மேலோ இருந்தால் சரி.

இதெல்லாம் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது என்று தயங்க வேண்டாம். ஒரு வழி இருக்கிறது. வண்டிப் புத்தகத்தைப் பார்த்து, மேல் சொன்ன மூன்று விவரத்தையும், எத்தனை மில்லி என்பதையும் பிள்ளைகளை விட்டு ஒரு அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அதை வண்டி டூல் பெட்டியில் வையுங்கள். கடையிலும் பட்டறையிலும் அந்த அட்டையைக் காட்டினால் போதும். ரேஷன் கார்டு மாதிரி அது வண்டியின் கார்டு.

கடையில் வாங்கும்போது

• சீல் உடையாத டப்பாவையே வாங்குங்கள். கேனிலிருந்து சில்லறையாக ஊற்றித் தரும் எண்ணெய் எந்த வகை என்று யாருக்கும் தெரியாது.
• விலை, தயாரித்த மாதம், பேட்ச் எண் அழியாமல் அச்சாகியிருக்கிறதா பாருங்கள்.
• பில் கேட்டு வாங்குங்கள். கேட்பது நம் உரிமை.
• பட்டறையிலேயே வாங்கினால் உங்கள் எதிரில் டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் டப்பாவோடு வீட்டுக்கு எடுத்துவாருங்கள். அடுத்த முறை குறைந்ததை நிரப்ப உதவும்.
• காலி டப்பாவை அப்படியே எடைக்குப் போடாமல் கிழித்தோ ஓட்டை போட்டோ போடுங்கள். நல்ல டப்பா கிடைத்தால் அதில் போலி எண்ணெய் நிரப்பி விற்க ஆள் உண்டு.
• விலை கூடியதுதான் நல்லது என்பதில்லை. சிந்தெடிக் எண்ணெய் நல்லதுதான், ஆனால் உங்கள் வண்டிக்குச் சாதா எண்ணெயே போதும் என்று புத்தகம் சொன்னால் அதற்கு மேல் செலவழிக்க அவசியமில்லை. உயர்ந்த எண்ணெயை ஊற்றி மறந்துபோவதைவிட, சரியான எண்ணெயை நேரத்துக்கு மாற்றுவதே மேல்.

எண்ணெய் அளவு பார்ப்பது எப்படி?

இது ஐந்து நிமிட வேலை. பதினைந்து நாளைக்கு ஒரு முறை செய்தால் போதும்.

1. சமதளமான தரையில் வண்டியை நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் அளவு தப்பாகக் காட்டும்.
2. எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். எண்ணெய் கீழே இறங்க இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள்.
3. எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணெய் மூடியைக் கழற்றுங்கள். அதோடு ஒரு குச்சி வரும். பழைய துணியால் துடையுங்கள். சூடு இருக்கும், பார்த்து.
4. குச்சியைத் திரும்ப உள்ளே விட்டு எடுங்கள். பல வண்டிகளில் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்று புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.
5. குச்சியில் இரண்டு கோடு இருக்கும். எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ்க் கோட்டுக்கு வந்துவிட்டால் அதே வகை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நிரப்புங்கள்.

மேல் கோட்டைத் தாண்டவும் கூடாது. அதிகமானால் எண்ணெய் நுரைத்து, இழுவை குறைந்து, கசியவும் செய்யும்.

எண்ணெய் கறுப்பாக இருந்தால் பயம் வேண்டாம். அது அழுக்கைச் சுமக்கிறது என்று அர்த்தம். ஆனால் மோர் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. விரலில் தொட்டுத் தேய்த்தால் மினுக்கு மினுக்கென்று இரும்புத் தூள் தெரிந்தாலும் சரியில்லை. இந்த இரண்டும் கண்டால் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எப்போது மாற்றுவது? ஒரு கணக்கு

புது வண்டியின் முதல் சர்வீஸில் எண்ணெய் மாற்றுவதைத் தவறவே விடாதீர்கள். புது எஞ்சினில் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது இரும்புத் தூள் அதிகம் வரும். அதற்குப் பிறகு புத்தகத்தில் கிலோமீட்டரும் மாதமும் கொடுத்திருப்பார்கள். எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். வண்டி வீட்டிலேயே நின்றாலும் எண்ணெய்க்கு வயசாகும்.

உங்கள் புத்தகத்தில் 3,000 கிலோமீட்டர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சகோதரி தினமும் ஊரிலிருந்து ஸ்ரீரங்கம் போய்த் திரும்ப 40 கிலோமீட்டர் ஓட்டுகிறார். 3,000-ஐ 40-ஆல் வகுத்தால் 75 நாள். அதாவது இரண்டரை மாதத்துக்கு ஒரு முறை. எண்ணெய்க்கும் கூலிக்கும் சேர்த்து 525 ரூபாய் ஆகும் என்று வைத்தால் நாளைக்கு 7 ரூபாய். ஒரு டீ விலைகூட இல்லை. தினமும் உண்டியலில் 7 ரூபாய் போட்டு வந்தால் கை கடிக்காது. இதை விட்டு எஞ்சின் வேலை வந்தால் ஆயிரக்கணக்கில் செலவு. அதோடு வண்டி பட்டறையில் நிற்கும் நாளெல்லாம் வியாபாரமும் நிற்கும், தவணையும் நிற்கும்.

நம் ஓட்டத்தையும் கவனிக்க வேண்டும். மண் ரோடு, ஆற்றங்கரை ரோட்டுப் புழுதி, முன்னும் பின்னும் மூட்டை, காவிரிப் பாலத்தில் நின்று நின்று ஊர்வது, சித்திரை வெயில் எல்லாமே எண்ணெயைச் சீக்கிரம் சோர வைக்கும். இப்படி ஓட்டுகிறவர்கள் சொன்ன தேதிக்குக் கொஞ்சம் முன்னதாகவே மாற்றுவது நல்லது.

பழைய எண்ணெயை என்ன செய்வது?

கழிவு எண்ணெய் விஷம். சட்டத்திலும் அதை அபாயக் கழிவு என்றுதான் வைத்திருக்கிறார்கள். சாக்கடையில் ஊற்றினால் அது மழையில் வாய்க்காலுக்குப் போகும். உய்யக்கொண்டானானாலும், கொள்ளிடமானாலும், நம் தோட்டத்துக் கிணறானாலும் கெடுவது நாம் புழங்கும் தண்ணீர்தான். ஸ்ரீரங்கமே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. அங்கே மண்ணில் ஊற்றுவது எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

மாட்டுப் புண்ணுக்கும் உண்ணிக்கும் இதைத் தடவும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. வேண்டாம். அடுப்பெரிக்கவும் வேண்டாம். மாற்றும்போது பழைய கேனில் பிடித்து மூடி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வாரம் ஒரு முறை பத்து நிமிடம்

டயர்: காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ புத்தகத்திலோ இருக்கும். பாரம் ஏற்றுகிறவர்களுக்குப் பின் டயருக்குத் தனி அளவு இருக்கும். காற்று குறைந்தால் பெட்ரோலும் அதிகம் குடிக்கும், டயரும் தேயும்.

செயின்: எக்ஸெல், பைக் வைத்திருப்பவர்களுக்கு. எஞ்சினை அணைத்து, நடு ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, பிரஷால் மண்ணைத் துடைத்து, செயின் எண்ணெய் விடுங்கள். எஞ்சின் ஓடும்போது செயினில் துணி வைக்கவே வைக்காதீர்கள், விரல் போய்விடும். செயின் தொங்கினாலும் விறைத்திருந்தாலும் மெக்கானிக்கிடம் சொல்லிச் சரிசெய்யுங்கள். ஸ்கூட்டரில் செயின் இல்லை, உள்ளே பெல்ட் ஓடும். அதற்குப் பின்பக்கம் தனியாகக் கியர் எண்ணெய் உண்டு. சர்வீஸில் அதையும் கேளுங்கள்.

ஏர் பில்டர்: எஞ்சின் மூச்சு விடும் வழி இது. புழுதியில் ஓட்டினால் சீக்கிரம் அடைக்கும். ஸ்பாஞ்சு பில்டரைக் கழுவலாம். பேப்பர் பில்டரைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. பாழானால் புதிது போட வேண்டும். பில்டர் கிழிந்திருந்தால் மண் நேராக எஞ்சினுக்குள் போகும். அப்புறம் எந்த எண்ணெய் ஊற்றியும் பயனில்லை.

பிரேக்: இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்று தினமும் கிளம்பும்போதே பாருங்கள். லீவர் ரொம்ப உள்ளே போனாலோ, கரகரவென்று சத்தம் வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிவிட்டு, ஹெல்மெட் மாட்டிக் கிளம்புங்கள். சேலை கார்டு கழன்றிருந்தால் திரும்ப மாட்டுங்கள்.

சகோதரிகள் கேட்கும் கேள்விகள்

"அக்கா, கம்பெனி மாத்தி ஊத்தலாமா?"
மாற்றலாம். வகையும் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். பழையதை முழுவதும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுவது நல்லது.

"மாத்தாம, குறையறத மட்டும் ஊத்திக்கிட்டே போனா என்னங்க?"
நேற்றைய குழம்பில் தினமும் புதுத் தண்ணீர் ஊற்றுவது போல. அழுக்கு உள்ளேயேதான் இருக்கும்.

"வெளியில ஒரு சொட்டும் ஒழுகல, ஆனா எண்ணெய் குறையுது."
சைலன்சரில் நீலப் புகை வருகிறதா பாருங்கள். வந்தால் எண்ணெய் உள்ளே எரிகிறது. சீக்கிரம் காட்டினால் சின்ன வேலை, விட்டால் பெரிய வேலை.

"வெள்ளத்துல வண்டி மூழ்கிடுச்சு. ஸ்டார்ட் பண்ணலாமா?"
கூடாது. கிக்கரும் உதைக்கக் கூடாது. தள்ளிக்கொண்டு போய், எண்ணெயை வடித்துப் பார்த்து, புதியது ஊற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

"மெக்கானிக்கிட்ட இதெல்லாம் கேட்டா கோவிச்சுக்க மாட்டாரா?"
நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார். "அண்ணே, இந்த அட்டையில இருக்கிற எண்ணெய ஊத்துங்க. பழச வடிக்கும்போது நான் பக்கத்துல இருக்கேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். காசு கொடுக்கிறவர் பார்ப்பதில் தவறில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய

வண்டி உள்ள உறுப்பினர்கள் வண்டிப் புத்தகத்தோடு வாருங்கள். புத்தகம் தொலைந்திருந்தால் அதே வண்டி வைத்திருப்பவரிடம் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஊக்குநர் ஒரு வண்டியை நடுவில் நிறுத்தி, எண்ணெய்க் குச்சியை எடுத்து எல்லோருக்கும் காட்டட்டும். பிறகு ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். வண்டி இல்லாதவர்களும் பாருங்கள், நாளைக்கு வாங்கப் போகிறவர்கள் நீங்கள்தான்.

சேமிப்புப் புத்தகம் போல வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன எண்ணெய், எத்தனை மில்லி, எவ்வளவு செலவு, அடுத்து எப்போது என்று ஆறு கட்டம் போதும். குழுவுக்குக் கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா? வண்டியை விற்க நேர்ந்தாலும் அந்த நோட்டைக் காட்டினால் நல்ல விலை கேட்கலாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் குச்சியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள்.